என் மனைவி விலகிவிட்டாள் என்று ஓடிய வரி

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கடலுக்குப் போய்விட்ட கை இது. கயிறு இழுத்துத் தடித்துப்போன விரல்களுக்குள் பேனா நிற்பதே பெரிய பாடு. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். என் மனைவி எட்டாவது வரை படித்தவள். பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்தலாம், நடந்ததைத் திருத்தக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றிய விஷயம் என்பதால் அந்தக் கட்டளை அவசியம்.

பேச்சும் எனக்கு அவ்வளவாக வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் காது சூடாகிவிடும். கடலில் அதனால் குறை ஒன்றும் இல்லை. எங்கள் பைபர் படகில் போகும் நான்கு பேரும் கையைக் காட்டியே பாதி வேலையை முடித்துவிடுவோம். கரைக்கு வந்தால்தான் கஷ்டம்.

எங்கள் ஊர் காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் (தமிழ்நாட்டில் ஒன்றியம் என்பது போல) சேர்ந்த ஒரு மீனவக் கிராமம். எங்களுக்குப் பஞ்சாயத்து என்றால் இரண்டு. ஒன்று கோயில் வாசலில் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுக்கும் ஆண்கள் மட்டும் அதில் உட்காரலாம். பெண்கள் வரக் கூடாது. அங்கே எடுத்த முடிவைக் கோயில் மைக்கில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. யார் சொன்னது, எப்போது பேசியது என்று திரும்பிக் கேட்பது ஊரையே அவமதிப்பது போல. மற்றது அரசாங்கத்தின் பஞ்சாயத்து. அதற்குத் தேர்தல் நடந்து எனக்கு நினைவில்லை. என் வயதுக்காரர்கள் யாருக்கும் நினைவில்லை. சுனாமி வந்து ஒன்றரை வருடம் கழித்து, 2006-ல்தான் எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் என்று ஒன்று வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள்.

என் மனைவி அலுமினிய அன்னக்கூடையில் மீன் எடுத்துப்போய்க் கோட்டுச்சேரித் தெருக்களில் விற்பவள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த புது வீட்டில் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி வரும். அது வரும் நேரத்தில் மீன் விற்கும் பெண்கள் எல்லாம் வெளியே இருப்பார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி அவள் கொம்யூன் ஆபீசுக்கு நடையாக நடந்தாள். கடைசியில் ஒருவர், "எலெக்‌ஷன் வருதும்மா. உங்க வார்டு மெம்பர் வரட்டும், அவங்க மூலமா எழுதிக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியதும் சொன்னாள். "ஏங்க, நான் நிக்கலாம்னு பாக்குறேன்."

"எங்க?"

"ம்... ரேஷன் கடையில. எலெக்‌ஷன்லதாங்க!"

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அது சம்மதமும்தான்.

அவளுக்கு எதிராக ஒரே ஒருவர்தான் மனு கொடுத்தார். ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரின் மனைவி. படகுக்காரர் எனக்கு மச்சான் முறை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன், என் மனைவி அண்ணி என்பாள். அண்ணி நல்ல மனுஷி. அவரை நிற்கச் சொன்னது மச்சானும் மச்சானின் டவுன் நண்பர்களும். ஊர்ப் பஞ்சாயத்து இந்தத் தேர்தலைப் பற்றி எதுவும் பேசவில்லை. எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வார்டோ பெண்களுக்கானது. கூட்டத்திலோ பெண்கள் இல்லை.

இனி அந்த ஓடும் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் இருந்து கேபிள் இணைப்புக் கொடுத்தவர்கள் உள்ளூருக்கென்று தனியாக ஒரு சேனல் வைத்திருந்தார்கள். பகல் முழுக்கப் பழைய படம் ஓடும். இரவு எட்டு மணிக்கு உள்ளூர்ச் செய்தி. படத்துக்குக் கீழே நாள் முழுக்க ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். சுனாமிக்கு முன்னால் அந்த வரியை யாரும் கவனித்ததில்லை. பிறகு நிலைமை மாறிவிட்டது. நிவாரண அரிசி எந்த நாள், எந்தத் தெருவுக்கு டோக்கன், வீடு ஒதுக்கும் நாள் எப்போது, கடலுக்குப் போகலாமா கூடாதா, எல்லாம் அதில்தான் வந்தது. படத்தைப் பார்க்காமல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அந்த வரி எங்களை ஏமாற்றியதில்லை. டோக்கன் என்று வந்தால் டோக்கன் கொடுத்தார்கள். கடல் சீற்றம் என்று வந்தால் கடல் சீறியது. அதனால் எங்கள் ஊரில் கோயில் மைக்குக்கு அடுத்தபடி நம்பிக்கை அந்த வரிக்குத்தான்.

மனுக்களைத் திரும்பப் பெற இரண்டு நாள் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகளும் போகத் தொடங்கியிருந்த நேரம். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து தூண்டில் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீழே எங்கள் ஊர்ப் பெயர் போனது போல இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வரி போய்விடும். திரும்ப வரும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து படித்து, ஒருவழியாக முழுசாகச் சேர்த்தேன். "வார்டு உறுப்பினராகப் போட்டியின்றித் தேர்வாகும் எங்கள் அண்ணியாருக்கு நல்வாழ்த்துகள். இவண், நண்பர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்" என்று இருந்தது. முன்னால் எங்கள் ஊரின் பெயரும் மச்சான் மனைவியின் பெயரும் இருந்தன.

போட்டியின்றி என்றால் என் மனைவி விலகிவிட்டாள் என்று அர்த்தம். எட்டு மணிச் செய்தியில் அதையும் வாசித்தார்கள். "போட்டியிட்ட மற்றொரு பெண் விலகிக்கொண்டதால்" என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு படித்தார்.

செய்தி முடியும்போது என் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். அங்கே அவளும் பார்த்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சொல்லாமல் விலகிவிட்டாள், அதுதான் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் அப்படி இருப்பவளே இல்லை.

காலையில் படகை இழுத்து மேலே போட்டதும் கூட வந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன மாப்ள, மெம்பர் வீட்டுக்காரரா வருவேன்னு பாத்தா பாதியிலயே எறங்கிட்ட?"

"ஊரு சொல்லிட்டா எறங்கித்தான ஆவணும்" என்றார் இன்னொருவர்.

"ஊரு எப்ப சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"அத நீதான் சொல்லணும். போன வாரம் கூட்டத்துக்குப் போயிருந்தல்ல?"

போன வாரக் கூட்டம் கோயில் திருவிழா பற்றியது. அதில் தேர்தல் பேச்சே எழவில்லை. அதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஏலம் போடும் இடத்தில் ஒருவர் அன்றைய பேப்பரை விரித்துக் காட்டினார். நாகை, காரைக்கால் செய்திகள் வரும் பக்கத்தில் மூலையில் சின்னதாக அதே விஷயம். ஊர் முக்கியஸ்தர்கள் பேசி ஒருமனதாக முடிவெடுத்ததாக அதில் ஒரு வார்த்தை புதிதாகச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்குப் போனேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விற்கப் போகவில்லை.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

கையில் இருந்த தேங்காய் நாரைத் தரையில் எறிந்தாள். "நான் சொல்லலையா? நீங்கதான் சொல்லல! கூட்டத்துல எல்லாரும் தலையாட்டுனா நீங்களும் தலையாட்டிட்டு வந்துட்டீங்க. வீட்டுக்கு வந்து சொல்ல வாய் வரல. டிவியப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு வுட்டுட்டீங்க. இல்ல?"

"நான் எங்கயும் தலையாட்டல."

"அப்ப யாரு விலக்குனா என்னைய?"

"நீ விலகலையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "அடப்பாவி மனுசா. நானும் விலகல, நீங்களும் ஒத்துக்கல. அப்ப டிவி மட்டும் விலகியிருக்கு."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்க, போவலாம்" என்றாள்.

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரில் மூத்தவர் வீட்டுக்குப் போனோம். எனக்கு அவர் மாமா முறை. அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். "நீங்க ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சிட்டீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்? மச்சான் மாப்ள வீடு, ஒங்களுக்குள்ள பேசியிருப்பீங்க, நல்லதுதான்னு நான்கூட சொன்னேன்."

"ஊரு பேசி முடிச்சதா பேப்பர்ல போட்டுருக்கு மாமா."

"ஊரு பேசல. எவன் பேசுனான்?"

"அப்ப அத சொல்லிருங்க மாமா. மைக்குல."

அவர் தாடையைத் தடவினார். யோசித்து யோசித்துத்தான் சொன்னார், அதனால்தான் அது எனக்கு அதிகம் உறைத்தது. "இஞ்ச பாரு மாப்ள. ஊரு ஒருமனதா முடிவு பண்ணுச்சுன்னு பேப்பர்ல வந்துட்டுது. இப்பப் போயி இல்லன்னா, ஊருக்குள்ள ரெண்டு கட்சின்னு நாளைக்கு எழுதுவான். பக்கத்து ஊரான் சிரிப்பான். நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. பேசாம ஒன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயி வாபஸ் வாங்கிடு. வந்த செய்தி வந்த மாதிரியே இருக்கட்டும்."

வெளியே நின்ற அவளுக்கு அது கேட்டிருக்கிறது. வளையல் சத்தம் கேட்டது. உள்ளே வர அவளுக்கு உரிமை இல்லை, வரவும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருந்தால், அவள் காலையில் என்னைப் பற்றிச் சொன்னது அந்த நிமிடத்தில் நிஜமாகியிருக்கும்.

"நாளைக்குக் காலையில கூட்டம் போடுங்க மாமா" என்றேன். "நான் பேசணும்."

"நீயா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார்.

தலைக்கட்டு வரி கொடுக்கும் எவன் கேட்டாலும் கூட்டம் போட்டாக வேண்டும் என்பது ஊர்க் கட்டு. அதை நானும் அறிவேன், அவரும் அறிவார். சரி என்றார்.

அங்கிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலில் அந்தக் கேபிள் ஆபீசுக்குப் போனோம். மாடியில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச வேண்டியதை என் மனைவியே பேசினாள்.

"நான் விலகிட்டேன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னா?"

அவர் பணிவாகத்தான் பதில் சொன்னார். "அக்கா, அது செய்தி இல்லீங்க. வாழ்த்து விளம்பரம். பொறந்த நாள், கல்யாண நாளுக்குப் போடுறோம்ல, அந்த மாதிரி. எழுதிக் குடுத்தாங்க, ஓட்டுனோம்."

"யாரு குடுத்தா?"

மச்சானின் நண்பர் ஒருவரைச் சொன்னார்.

"சரி, விளம்பரம். ராத்திரி எட்டு மணிக்குச் செய்தியில படிச்சாங்களே, அது?"

"அது வந்து... கீழ ஓடுச்சுல்ல, அதப் பாத்து எழுதியிருப்பாங்க."

"ஒங்க டிவியில ஓடுனதப் பாத்து ஒங்க டிவியிலயே செய்தி படிச்சீங்களா?"

"உள்ளூருதானக்கா. தப்பா இருந்தா யாராச்சும் போன் பண்ணுவாங்கன்னு இருந்திருப்பாங்க."

"பேப்பர்ல?"

"அவரு நம்ம எட்டு மணி நியூஸப் பாப்பாரு" என்றார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். தானே சொன்னதைத் தானே கேட்டபோது அவருக்கும் ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஒரு வழி சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. ஒரு மறுப்பு எழுதிக் குடுங்க. அதையும் ஓட்டிடுறேன். விளம்பர ரேட்தான்."

"நான் சொல்லாத பேச்சுக்கு நான் எதுக்குங்க மறுப்பு குடுக்கணும்? நீங்க படிச்சீங்க, நீங்களே தப்புன்னு படிங்க."

"மொதலாளியக் கேட்டுச் சொல்றேன்க்கா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "கூட்டத்துல நான் வர முடியாது" என்றாள். "எனக்கு வாய் இருக்கு, எடம் இல்ல. ஒங்களுக்கு எடம் இருக்கு, வாய் இல்ல. என்ன பண்ணப் போறீங்க?"

"பேசுவேன்" என்றேன்.

அந்தப் பஸ்ஸில் கோட்டுச்சேரி வரைக்கும் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். மனதுக்குள் எனக்கு நன்றாகவே பேச வரும்.

மறுநாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. கூட்டம் என்றால் தொழில் நிறுத்தம். கோயில் வாசல் மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்தார் ஒரு பக்கம். மச்சான் முன்வரிசையில். பெண்கள் வழக்கம்போல வரவில்லை. வலை காயப்போடும் திட்டுக்குப் பின்னால் நிழலில் கொஞ்சம் பேர் நிற்பது தெரிந்தது. அங்கே நிற்பது கூட்டத்துக்கு வந்ததாக ஆகாது. வலை பார்க்க வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

பேச எழுந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது எங்கள் மரியாதை. கட்டினேன். முடிச்சு நிற்கவில்லை. திரும்பக் கட்டினேன். யாரோ சிரித்தார்கள்.

"ஊரு... ஊரு ஒருமனதா முடிவு பண்ணிச்சுன்னு..." என்று முணுமுணுத்தேன்.

வலைத் திட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சத்தமா சொல்லுங்க, இஞ்ச கேக்கல!"

கூட்டமே சிரித்தது. மூத்தவரும் சிரித்துவிட்டு, "யாரு அது வலைக்குள்ள?" என்று அதட்டினார். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது.

"ஊரு முடிவு பண்ணிச்சுன்னு பேப்பர்ல வந்துருக்கு. எந்தக் கூட்டத்துல முடிவு பண்ணுனோம்? யாராச்சும் சொல்லுங்க" என்று கேட்டேன்.

ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். நேற்று என்னைக் கேலி செய்த படகுக் கூட்டாளி மணலைக் கிளறினார்.

"பஞ்சாயத்தாரு நாங்க ரெண்டு குடும்பமும் பேசிட்டோம்னு நெனச்சாங்க. குடும்பத்துல நாங்க பஞ்சாயத்தாரு பேசிட்டாங்கன்னு நெனச்சோம். என் பொண்டாட்டி நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சா. நான் அவ விலகிட்டான்னு நெனச்சேன். ஒரே வீட்டுல சோத்த வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. ஏன்னா டிவியில வந்துட்டுது."

மச்சான் எழுந்தார். "இப்ப என்ன சொல்ல வர்ற? வாழ்த்து போட்டது ஒரு குத்தமா? பசங்க ஆசையா போட்டானுவ."

"ஆசையா போட்டது தப்பில்ல மச்சான். கீழ ஊர்ப் பொதுமக்கள்னு போட்டீங்களே, அது யாரு? நானும் பொதுமக்கள்தான. எங்கிட்ட யாரும் கேக்கல."

"எங்கிட்டயும் கேக்கல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"எங்கிட்டயும்தான்."

"பேப்பர்ல வந்த பெறவு மாத்துனா ஊருக்கு அசிங்கம்டா" என்றார் பஞ்சாயத்தாரில் இன்னொருவர்.

"அந்தப் பேப்பர்ல நேத்தே கருவாடு மடிச்சிட்டேன் மாமா, இனிமே எவனும் படிக்க முடியாது" என்று ஒருவர் கத்த, மறுபடி சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததில் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் உட்காரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"கடல் சீற்றம்னு வரி ஓடுனா நாம நம்புறோம். காத்தையும் கடலையும் பாத்துட்டு ஒருத்தரு எழுதுறாரு. நாம நம்பலன்னாலும் நம்புனாலும் கடல் சீறும். இது அப்படி இல்ல. இந்த வரிய நாம நம்புனாத்தான் இது நெசமாவும். இன்னக்கி மூணு மணிக்கு என் பொண்டாட்டி வாபஸ் வாங்குனா நெசமாயிடும். வாங்கலன்னா பொய்யாவே போயிடும். ஊரு பாத்துச் சொல்லட்டும். அவ விலகணும்னு ஊரு நெனச்சா, இஞ்ச ஒக்காந்து பேசி, இந்த மைக்குல சொல்லுங்க. நாங்க கேக்குறோம். டிவி சொல்லிட்டுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நெடுநேரம் பேசினார்கள். சிலர் அண்ணிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். சிலர் பேப்பரில் வந்ததை ஊரே இல்லை என்றால் என்ன மரியாதை என்றார்கள். கடைசியில் மூத்தவர் எழுந்தார். இந்தத் தேர்தலில் ஊர் யாரையும் நிறுத்தவும் இல்லை, விலக்கவும் இல்லை, அவரவர் இஷ்டப்படி ஓட்டுப் போடலாம் என்றார். அதை அவரே மைக்கைப் பிடித்து இரண்டு தடவை சொன்னார். நேற்று எனக்கு அவர் சொன்ன யோசனைக்கு நேர் எதிரானது அது. அப்படி மாற்றிச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும்.

மூன்று மணி கடந்தது. நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முருங்கைக் கீரை உருவினாள். மூன்றடித்ததும், "எறங்கலப்பா" என்று கீரையிடம் சொன்னாள்.

கேபிள்காரர்கள் எட்டு மணிச் செய்தியில் ஒரு திருத்தம் படித்தார்களாம். அந்த டீ குடித்தவர் கேட்டதும் முதலாளி ஒத்துக்கொண்டாரா, கூட்டத்து விஷயம் எட்டியதா தெரியாது. அந்த நேரம் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பேப்பரில் திருத்தம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால் நாங்கள் வீடு வீடாகப் போனோம். வார்டு பெரிதில்லை என்றாலும் ஒவ்வொரு வாசலிலும் ஒரே வேலை. எதற்காக நிற்கிறாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நிற்கிறாள் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. "நீ விலகிட்டன்னாங்களே?" என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீர் லாரியைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பாதி இதற்கே போய்விட்டது. மச்சான் வீட்டுக்கும் போனோம். அண்ணி காபி கொடுத்துவிட்டு, "ஏண்டி, நானும் டிவியப் பாத்துத்தான் ஜெயிச்சுட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். அதைக் கேட்டு மச்சான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஓட்டுப் போட்ட அன்று வாக்குச்சாவடிச் சுவரில் வேட்பாளர்கள் பெயர் ஒட்டியிருந்தது. இரண்டே பெயர்கள். என் மனைவியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. நிதானமாகப் படிக்க முடிந்தது.

அவள் தோற்றுப்போனாள். வித்தியாசம் ஒரு தெரு ஓட்டுகூட இல்லை. மறுநாள் மேலத் தெருவிலிருந்து ஒரு கிழவி வந்து, பேத்தி கல்யாண வேலையில் இருந்ததாகவும், போட்டியே இல்லை என்று டிவியில் கேட்டதால் ஓட்டுப் போடப் போகவில்லை என்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்படி எத்தனை பேரோ. அவர்கள் போட்டிருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டால் அந்த வரிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஆனால் அந்த ஓட்டுகள் விழாமல் போனது மட்டும் நிச்சயம்.

என் மனைவி ஒரு நாள் முழுக்கக் கூடையைத் தொடவில்லை. அடுத்த நாள் மீன் விற்று வந்ததும் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்று, "மெம்பரே, கெளம்புங்க. தண்ணி லாரி விஷயமா ஆபீசுக்குப் போவணும்" என்றாள். அண்ணிக்கு அங்கே என்ன பேசுவது என்று தெரியாது. இவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து போனார்கள். பல தடவை போனார்கள். லாரி சாயங்காலம் வரத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வர இன்னும் நாளானது.

இப்போது கடலுக்குப் போகும் ஆள் எல்லோர் இடுப்பிலும் செல்போன் இருக்கிறது. இந்த வருடம் பார்லிமென்ட் தேர்தல் சமயத்தில், படகில் வலை போட்டுக் காத்திருக்கும்போது ஒரு எஸ்.எம்.எஸ். எல்லாருக்கும் வந்தது. ஒரு வேட்பாளர் மீனவர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிவிட்டார் என்று இருந்தது. கூட இருந்தவருக்கு ரத்தம் கொதித்தது. இருபது பேருக்கு அனுப்பப் போனார். நான் கையைப் பிடித்தேன். எங்கே பேசினார், யார் கேட்டது, உனக்கு அனுப்பியவனுக்கு யார் அனுப்பியது என்று கேட்டேன். "ஒனக்கு இதே பொழப்பாப் போச்சு மாப்ள" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அனுப்பியவனுக்குப் போன் போட்டார். அவன் வேறொருவனைச் சொன்னான். அந்த வேறொருவன் போனை எடுக்கவில்லை. அந்த எஸ்.எம்.எஸ். எங்கள் படகோடு நின்றது. மற்ற படகுகளில் அது போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

படித்தவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு வார்டு, இரண்டு பெண்கள், ஓடிப்போன ஒரு வரி. எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று ஒருத்தன் எழுந்து கேட்காவிட்டால், ஓட்டுப் பெட்டி வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கூச்சம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. கூச்சத்தோடேயே கேட்கப் பழகிக்கொண்டேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அவள் நிற்பாள். மனு கொடுத்த அன்றைக்கே நான் மூத்தவரிடம் போய், கோயில் மைக்கில் அதைச் சொல்லச் சொல்வேன். வாபஸ் நாள் முடியும் வரை தினமும் சொல்லச் சொல்வேன். மறுத்தால் கூட்டம் போடச் சொல்வேன். அந்தக் கூட்டத்தில் வலைத் திட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் உட்கார வேண்டும் என்று கேட்பதாக இருக்கிறேன். அதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்பேன்.

எழுதி முடித்தது 2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.